சி.எஃப். இருக்கறவங்க ஊதுற டெஸ்ட்ல சதவீதத்தோட லிட்டரையும் கேட்டு வாங்குங்க

எனக்கு சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் (சி.எஃப்.), அதாவது சளி கெட்டியாகி நுரையீரல அடைக்கிற பரம்பரை நோய், இங்கிலாந்துல பெரியவங்க சி.எஃப். கிளினிக்ல பாத்துட்டிருக்கேன். நம்ம ஆளுங்களுக்கு இது வராதுன்னே நிறைய பேர் நினைக்கிறாங்க, தமிழ்ல படிக்க ஒண்ணும் கிடைக்கல, அதான் எழுதுறேன்.

பொதுவா மூணு மாசத்துக்கு ஒருக்கா கிளினிக். ஒருத்தர் கிருமி இன்னொருத்தருக்கு ஒட்டிடக் கூடாதுன்னு வெயிட்டிங் ஹால்ல உக்கார விடமாட்டாங்க, நேரா தனி ரூம். மூக்குல கிளிப் மாட்டி, நெஞ்சு நிறைய இழுத்து, வேகமா ஊதி காத்து தீருற வரைக்கும் தள்ளணும். முதல் செகண்டுல எத்தன லிட்டர் காத்து வெளிய வருதோ அதுதான் எஃப்.ஈ.வி.1. வயசு, உயரம், ஆணா பொண்ணான்னு பாத்து, நோயில்லாத ஒருத்தருக்கு எவ்ளோ இருக்கணுமோ அதுல உங்களுக்கு எத்தன சதவீதம்னு போடுவாங்க.

வேற ஊருக்கு மாறி புது ஆஸ்பத்திரி போனப்ப அந்த சதவீதம் சட்டுனு இறங்கிருச்சு. இருமல் கூடல, எடை குறையல, ஆனா நுரையீரல் போச்சேன்னு ராத்திரி பூரா தூக்கமில்ல. அப்புறம் பிசியோ பழைய ரிப்போர்ட்ட பக்கத்துல வச்சு பாத்தா லிட்டர் அப்படியேதான் இருக்கு! நோயில்லாதவங்களுக்கு எவ்ளோ இருக்கணும்னு சொல்ற, 2012ல வந்த ஜி.எல்.ஐ. கணக்குல தெற்காசியாக்காரங்களுக்குன்னு தனி அளவு கிடையாது, பழைய இடத்துல என்னை 'மற்றவர்கள்'னு போட்டிருந்தாங்க, புது இடத்துல வெள்ளைக்காரங்க அளவு, அது பெருசு, அதனால அதே காத்துக்கு சதவீதம் கம்மியா வந்திருக்கு. 2022ல இனம் பாக்காத பொதுக் கணக்கு ஒண்ணு வந்திருக்கு, அதுக்கு மாறுனாலும் நம்பர் நகரலாம். லிட்டர் எவ்ளோ, எந்த கணக்குன்னு ரெண்டையும் கேட்டு எழுதி வச்சுக்கோங்க ப்ளீஸ்.

அதுக்காக ஊதுறது நல்லா இருந்தா எல்லாம் சரின்னும் விட்ற முடியாது. சின்னச் சின்ன காத்துக் குழாய்ல ஆரம்பிக்கிற அடைப்பு எஃப்.ஈ.வி.1ல தெரியாமலே போகலாம். நுரையீரல் முழுக்க காத்து சமமா பரவுதான்னு பாக்குற எல்.சி.ஐ. டெஸ்ட்ல அது முன்னாடியே பிடிபடும், சாதாரணமா மூச்சு விட்டுக்கிட்டே சுத்த ஆக்சிஜன் இழுக்கணும், உள்ள இருக்க நைட்ரஜன் நாப்பதுல ஒரு பங்கா ஆகுற வரைக்கும். எல்லா கிளினிக்லயும் இது கிடையாது. சி.டி. ஸ்கேன்ல குழாய் விரிஞ்சது தெளிவா தெரியும், ஆனா ரேடியேஷன், அடிக்கடி எடுக்க மாட்டாங்க.

காஃப்ட்ரியோங்கிற சி.எஃப். மாத்திரை ஆரம்பிச்சப்புறம் எனக்கு சளியே வரல. பெரிய நிம்மதிதான், ஆனா நுரையீரல்ல சூடோமோனாஸ்ங்கிற கிருமி இருக்கான்னு பாக்க சளி வேணுமே. உப்புத்தண்ணி நெபுலைசர் வச்சு வரவழைக்கிறாங்க, கொஞ்சம் கஷ்டம்தான், ஆனா மாட்டேன்னு சொல்லாதீங்க, தொண்டைல பஞ்சு வச்சு எடுக்கறதுல கீழ நுரையீரல்ல இருக்க கிருமி தப்பிச்சுரலாம்.

வீட்லயும் ஊதி அளக்குற சின்ன ஸ்பைரோமீட்டர் வச்சிருக்கேன், வீட்டு நம்பர வீட்டு நம்பரோட மட்டும்தான் ஒப்பிடுவேன். வழக்கத்த விட பத்து சதவீதம் கிட்ட இறங்கி மறுநாளும் அப்படியே இருந்தா காய்ச்சல் வரட்டும்னு பாக்காம போன் போட்ருவேன், ஏன்னா இன்ஃபெக்‌ஷன் முத்தி, ஊசி ஆன்டிபயாடிக் போட்டும் கிட்டத்தட்ட நாலுல ஒருத்தருக்கு பழைய அளவு திரும்ப வர்றதில்ல.