சென்னை – யாழ்ப்பாணம்

"இவ்வளவுதானோ தம்பி?"

பக்கத்து சீட் அம்மா. மடியில் தி.நகர் துணிக்கடைப் பை, பிடி அறுந்து சணல் கட்டியது. ஜன்னலுக்குக் கீழே பனை வடலி, சிவப்பு மண்.

யாழ்ப்பாண விமான நிலையமான பலாலி வந்துவிட்டது. சின்ன ஏடிஆர் விமானம்தான், ஒன்றேகால் மணி நேரம்.

நேர்கோட்டில் பார்த்தால் சென்னையிலிருந்து யாழ்ப்பாணம் சுமார் 380 கி.மீ. மதுரையே 400ஐத் தாண்டும்! (மதுரைக்குப் பாஸ்போர்ட் கேட்பதில்லை, அது வேறு கதை.)

"முந்தியெண்டால் கொழும்பிலை இறங்கி, இரவு பஸ் பிடிச்சு, விடியத்தான் வீடு" என்றார்.

யாழ்ப்பாணத்தைத் தாண்டிப் பறந்து, கொழும்பில் இறங்கி, அதே வடக்குக்குத் திரும்பி ஏறுவது. 2019 நவம்பரில் பலாலிக்குச் சேவை வந்தது. கொரோனாவில் நின்று 2022 டிசம்பரில்தான் மீண்டது.

தூரத்தைக் கிலோமீட்டரா தீர்மானிக்கிறது? அரசாங்கங்கள்தான்.

ஒரு தூக்கம் போடலாம் என்று ஏறினேன். அதற்கு நேரம் பத்தாது.