ஹாலிலிருந்து சமையலறைக்கு

எங்கள் வீட்டு ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவே 11 அடி இருக்கும். அம்மா சமையலறையில் நின்று எடுக்கிற ஒரு போட்டோ ஹாலில் இருக்கும் என் போனுக்கு வர, அது மஞ்சக்குப்பத்தைத் தாண்டி, கடலூரைத் தாண்டி, ஏதோ ஒரு ஊரில் இருக்கிற சர்வருக்குப் போய்த் திரும்ப வேண்டியிருந்தது. இதில் எனக்கு ரொம்ப நாள் ஒரு வருத்தமும் இல்லை. வேலை நடக்கிறது, எனக்கென்ன என்றுதான் இருந்தேன்.

அப்பாவின் போட்டோக்களில்தான் அடி விழுந்தது. அப்பா 2019-ல் போனார். அவர் நம்பரை யாரும் ரீசார்ஜ் செய்யவில்லை, அது வேறு யாருக்கோ போய்விட்டது. ஒரு வருடம் கழித்து, முன்பு ஒரு மாசி மகத்தன்று தேவனாம்பட்டினம் கடற்கரையில் அவர் எடுத்த படங்களைத் தேடி அவருடைய கணக்குக்குள் நுழையப் பார்த்தால், ஓடிபி அந்த நம்பருக்குத்தான் போகிறது. சரி, போன் செய்து கேட்டுப் பார்ப்போமே என்று கேட்டேன். எடுத்தவர் விழுப்புரம் பக்கத்துக்காரர். பொறுமையாகத்தான் கேட்டுக்கொண்டார். முடிவில், "ஓடிபி மட்டும் கேக்காதீங்கம்மா, அப்புறம் நான் போலீஸ்லதான் சொல்லணும்" என்றார். அவரை என்ன சொல்ல முடியும்? புதுச்சேரியில் நான் வேலை பார்க்கும் ஆடிட்டர் ஆபீஸுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் நானும் அதைத்தானே சொல்கிறேன்.

தப்பு எங்களுடையதுதான். நம்பரை விட்டது நாங்கள். ஆனால் அப்பா எடுத்த படம் அப்பா வீட்டில் ஒரு பிரதிகூட இல்லையே என்பது உறுத்திக்கொண்டே இருந்தது.

அப்படித்தான் சிங்க்திங் பக்கம் வந்தேன். ஸ்வீடனைச் சேர்ந்த யாகோப் போர்க் 2013-ல் தொடங்கிய மென்பொருள். இலவசம், மூலநிரலும் திறந்தே இருக்கிறது. ஒரு ஃபோல்டரை இரண்டு கருவிகளில் வைத்துக்கொண்டு, ஒன்றில் நடப்பதை இன்னொன்றிலும் நடத்திவிடும். நடுவில் யாருடைய சேமிப்புக் கிடங்கும் கிடையாது. ஒவ்வொரு கருவிக்கும் 56 எழுத்தில் ஒரு அடையாளம் இருக்கும், ஏழு ஏழாக எட்டுக் கொத்து. இவள் அடையாளத்தை அவளிடமும், அவள் அடையாளத்தை இவளிடமும் சேர்த்து இரண்டு பக்கமும் சம்மதித்தால்தான் பேச்சுவார்த்தை. சம்பந்தம் பேசுவது மாதிரிதான். 56 எழுத்தை அடிக்க வேண்டாம், கியூஆர் கோடைக் காட்டினால் போதும்.

போன்கள் எப்போதும் வீட்டில் இருக்காது. வீட்டோடு கிடக்க ஒரு ஆள் வேண்டும். என் மகள் பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த இலவச லேப்டாப் பரணில் கிடந்தது. அதில் லினக்ஸ் போட்டு, பெரிய ஹார்ட் டிஸ்க்காக மாற்றி, டிவி ஸ்டாண்டுக்குக் கீழே தள்ளிவிட்டேன். மூடினாலும் தூங்கக் கூடாது என்று ஒரு செட்டிங், அவ்வளவுதான். அன்றிலிருந்து மூடியபடியே ஓடிக்கொண்டிருக்கிறது. வீட்டுக்காரர் அதன்மேல் ரிமோட்டை வைக்கிறார், அம்மா பஞ்சாங்கத்தை வைக்கிறாள். சூடாகிறது எடுங்கள் என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன்.

முதல் வாரமே அம்மாவின் போன் மக்கர் செய்தது. மூன்று நாளாக ஒரு படமும் வரவில்லை. ரூட்டரைச் சந்தேகப்பட்டேன், லேப்டாப்பைச் சந்தேகப்பட்டேன். கடைசியில் பார்த்தால், பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் பேர்வழி என்று போனே அந்தச் செயலியைக் கொன்றுகொண்டிருந்தது. செட்டிங்ஸில் அதற்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாடு வேண்டாம் என்று சொன்ன பிறகுதான் சரியாயிற்று. புதிதாகப் போடுகிறவர்கள் முதலில் இதைப் பாருங்கள், என்னைப் போல மூன்று நாள் வீணாக்க வேண்டாம். ஐபோன்காரர்கள் பாடு இன்னும் கஷ்டம். அங்கே பின்னணியில் எதையும் நிம்மதியாக ஓட விடுவதில்லை.

எதையெல்லாம் சிங்க் செய்கிறேன்? கேமரா படங்கள். ரேஷன் கார்டு, வீட்டுப் பத்திரம், பட்டா, அப்பாவின் இறப்புச் சான்றிதழ் இவற்றின் ஸ்கேன்கள். என் பாஸ்வேர்டுகள் இருக்கிற கீபாஸ் ஃபைல். வீட்டுச் செலவுக் கணக்கு. அப்புறம் அம்மாவின் குரல். அம்மாவுக்கு எழுத அலுப்பு என்பதால் சமையல் குறிப்புகளை ரெக்கார்டரில் பேசச் சொல்லியிருக்கிறேன். வாட்ஸ்அப் ஃபோல்டரை மட்டும் சேர்க்கவில்லை. அம்மாவுக்கு வரும் காலை வணக்கங்களைச் சேர்த்தால் எந்த டிஸ்க்கும் தாங்காது.

இது எதற்கு என்று எனக்கே உறைத்தது ஃபெஞ்சல் புயலில்தான். 2024 நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. கடலூர்க்காரர்களுக்குப் புயல் புதிதல்ல. 2011 டிசம்பரில் 'தானே' புயல் அடித்தபோது எங்கள் பழைய வீட்டின் ஓடு பறந்து, பீரோவுக்குள் தண்ணீர் இறங்கி, பத்திரங்களை வெயிலில் பாயில் பரப்பி உலர்த்தியவர்கள் நாங்கள். ஒரு பட்டாவில் மை கரைந்து இன்றைக்கும் சர்வே எண் பாதிதான் தெரியும். ஆனால் ஃபெஞ்சலில் நாங்கள் புயலோடு முடிந்தது என்று நினைத்தோம். மூச்சு விடுவதற்குள், சாத்தனூர் அணையிலிருந்து ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட்டு, தென்பெண்ணை கரை மீறிவிட்டது.

கரண்ட் இல்லை. இணையம் இல்லை. போனில் சிக்னல் ஒரு கோடு வரும், போகும். ஆற்றோரத்தில் இருக்கும் என் நாத்தனார் குடும்பம் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. இன்வெர்ட்டரில் ஃபேனை நிறுத்திவிட்டு ஒரு எல்இடி விளக்கு, ரூட்டர், லேப்டாப் இவை மூன்றை மட்டும் விட்டேன். "நெட்டே இல்லையே, ரூட்டருக்கு எதுக்குக் கரண்ட்?" என்று வீட்டுக்காரர் கேட்டார். நியாயமான கேள்விதான். நெட் இல்லாவிட்டாலும் வைஃபை இருக்கும் என்பது நம்மில் பல பேருக்குத் தெரிவதில்லை, ஏனென்றால் இரண்டையும் ஒன்றாகவே பார்த்துப் பழகிவிட்டோம். தெருவுக்குப் போகிற வயர் அறுந்தாலும் வீட்டுக்குள் ரூட்டர் எல்லோரையும் கோத்துத்தான் வைத்திருக்கும். சிங்க்திங் அந்த வலையில் அரை நிமிடம், ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை "நான் இங்கே இருக்கிறேன்" என்று குரல் கொடுக்கும். மற்றதும் கொடுக்கும். அடையாளம் பொருந்தினால் வேலை தொடங்கும். வெளியுலகத்தை எதிர்பார்ப்பதே இல்லை.

ஒரே ஒரு குறுக்கீடு. "இந்த வைஃபையில் இணையம் இல்லை, இருக்க வேண்டுமா?" என்று போன் கேட்கும். ஆமாம் என்று அழுத்தாவிட்டால் அது இல்லாத சிக்னலைத் தேடிக்கொண்டு ஓடிவிடும்.

வெள்ளம் வடிந்ததும் வீட்டுக்காரரும் நாத்தனார் மகனும் அந்த வீட்டுச் சுவரில் தண்ணீர் நின்ற கோட்டை டேப் பிடித்துப் படம் எடுத்து வந்தார்கள், நிவாரணத்துக்குக் காட்டத் தேவைப்படும் என்று. அவர்கள் செருப்பைக் கழற்றி உள்ளே வந்து காப்பி குடித்து முடிப்பதற்குள் அந்தப் படங்கள் லேப்டாப்பிலும் என் போனிலும் வந்து உட்கார்ந்துவிட்டன. அன்றைக்குக் கடலூரிலிருந்து பண்ருட்டிக்கு ஒரு குறுஞ்செய்தி போகவே திணறியது.

இதெல்லாம் பெருமை. இனி அசட்டுத்தனம்.

பொங்கல் முடிந்த ஒரு மத்தியானம் அம்மா தன் ரெக்கார்டிங்குகளைப் போட்டுக் கேட்டிருக்கிறாள். "என் குரல் என்னடி இப்படிக் கர்ணகடூரமா இருக்கு?" என்று எல்லாவற்றையும் டெலீட் செய்துவிட்டாள். 23 ரெக்கார்டிங். சிங்க்திங் என்ன செய்யும்? அம்மா சொன்னால் மறுபேச்சு ஏது? லேப்டாப்பிலும் அழித்தது, என் போனிலும் அழித்தது. நான் அப்போது கன்னியக்கோயில் பக்கம் பஸ்ஸில் இருந்தேன். சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்து போன் வைஃபையைப் பிடித்த நொடியில் என் பிரதியும் போயிற்று. பஸ் பங்க்சர் ஆகியிருந்தால் தப்பித்திருக்கும்.

மூன்று இடத்தில் இருக்கிறதே, பத்திரம்தான் என்று நினைத்திருந்தேன். பார்க்கப்போனால் அது ஒரே ஃபைல், மூன்று இடத்தில் நிழல். எப்போதோ தனியாக ஒரு ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து வைத்திருந்ததால் 19 மீண்டது. நான்கு போனது போனதுதான். அதில் ஒன்று பலாக்கொட்டை கருவாட்டுக் குழம்பு. அம்மாவை மறுபடி பேச வைத்தேன். முதல் தடவை நெல்லிக்காய் அளவு புளி என்று சொன்னதாக எனக்கு ஞாபகம், இரண்டாம் தடவை எலுமிச்சை அளவு என்கிறாள். கேட்டால், "கருவாட்டைப் பொறுத்துடி" என்கிறாள்.

இதற்குச் சிங்க்திங்கிலேயே வழி இருக்கிறது, நான்தான் பார்க்கவில்லை. ஒவ்வொரு ஃபோல்டருக்கும் வெர்ஷனிங் என்று ஒன்று உண்டு, போட்டவுடன் அணைந்துதான் இருக்கும். 'ட்ராஷ் கேன்' என்று வைத்தால், இன்னொரு கருவியில் அழித்த ஃபைல் இந்தக் கருவியில் மறைவாக ஒரு குப்பை ஃபோல்டருக்குப் போகும், எத்தனை நாள் வைக்க வேண்டும் என்று சொல்லலாம். லேப்டாப்பில் 365 என்று போட்டேன். ஒன்று மட்டும் கவனம்: அது அடுத்தவர் அழித்ததைத்தான் காப்பாற்றும். லேப்டாப்பிலேயே உட்கார்ந்து நானே அழித்தால் குப்பையில்கூட இருக்காது.

கணக்கு ஃபைலில் நடந்தது வேறு கூத்து. நான் பஸ்ஸில் வரும்போது பால்காரர் பாக்கியை என் போனில் எழுதுகிறேன், அதே நேரம் வீட்டுக்காரர் கேஸ் சிலிண்டரைத் தன் போனில் எழுதுகிறார். இரண்டும் சந்திக்கும்போது எது சரி? சிங்க்திங் பஞ்சாயத்து பண்ணுவதில்லை. பிந்தித் திருத்தியதை அப்படியே வைத்து, முந்தியதன் பெயரில் 'சிங்க் கான்ஃபிளிக்ட்' என்று தேதி நேரத்தோடு ஒட்டி அருகிலேயே வைத்துவிடும். நானே சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான். இப்போது அவருக்கு ஒரு ஃபைல், எனக்கு ஒரு ஃபைல். மாதக் கடைசியில் கூட்டுகிறேன். மனிதர்களுக்குள் தீர்க்க வேண்டியதை மென்பொருளில் தீர்க்கப் பார்த்தது என் தப்பு.

அந்தப் புயலை ஒட்டியே இன்னொரு சேதி. அதிகாரப்பூர்வ ஆண்ட்ராய்டு செயலி 2024 டிசம்பரோடு நின்றுவிட்டது. பிளே ஸ்டோரில் வெளியிடுவதே பெரும்பாடு, முன்பிருந்த ஊக்கமும் இல்லை என்று அதைப் பராமரித்தவர் அறிவித்திருந்தார். சம்பளம் இல்லாமல் செய்கிற மனிதர், குறை சொல்ல வாயில்லை. சிங்க்திங் ஃபோர்க் என்று வேறொருவர் நடத்திய கிளைச் செயலிக்கு எல்லாப் போனையும் மாற்ற எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று. காசு கேட்காத பொருளுக்கு ஞாயிற்றுக்கிழமையைக் கொடுக்க வேண்டியிருக்கிறது. எனக்குச் சரி, எல்லோருக்கும் சரிவராது.

மூன்று பிரதியும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தால் அடுத்த வெள்ளத்தில் சேர்ந்தே மிதக்கும் அல்லவா? அதற்கு லாஸ்பேட்டையில் இருக்கும் அக்கா வீட்டு கம்ப்யூட்டரைச் சேர்த்தேன். இணையம் வழியாகவே அனுப்பலாம், இடையில் கைமாற்றிவிடும் ரிலே சர்வர் வந்தாலும் உள்ளே இருப்பதை அது படிக்க முடியாது. ஆனாலும் கருவிகள் இணையத்தில் ஒன்றையொன்று தேடிக்கொள்ளும் குளோபல் டிஸ்கவரி, ரிலே இரண்டையும் அணைத்துவிட்டேன். பயத்தால் அல்ல, தேவைப்படவில்லை. தினமும் கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு 22 கிலோமீட்டர் சொச்சம் நானே போனைச் சுமந்துகொண்டு போகிறேனே. ரெட்டிச்சாவடி, தவளக்குப்பம், அரியாங்குப்பம் வழியாகப் போகிற அந்த பஸ்தான் என் கேபிள். எந்தெந்த வைஃபையில் செயலி ஓட வேண்டும் என்ற இடத்தில் இரண்டே பெயர்: எங்கள் வீடு, அக்கா வீடு. சனிக்கிழமை அரை நாள் ஆபீஸ் முடிந்து அக்கா வீட்டில் சாப்பிடுகிறேன். ரசத்துக்கு வருவதற்குள் வாரத்துப் படமெல்லாம் ஏறிவிடும்.

அக்கா கம்ப்யூட்டரில் போவது மட்டும் என்கிரிப்ட் ஆகிப் போகும்படி வைத்திருக்கிறேன். ஃபோல்டரைத் திறந்தால் பெயர்கூடப் புரியாமல் எழுத்துக் குப்பையாகத் தெரியும். அக்கா ஒருநாள் திறந்து பார்த்துவிட்டாள். "என் வீட்ல வெச்சிட்டு எனக்கே பூட்டு போடுறியா? அப்படி என்னடி ரகசியம்?" என்றாள். கருவாட்டுக் குழம்பு என்றேன். நம்பவில்லை.

அம்மா இன்னும் அழிப்பதை நிறுத்தவில்லை. பேசுகிறாள், மறுநாள் கேட்டுப் பார்க்கிறாள், குரல் பிடிக்கவில்லை என்று அழிக்கிறாள். நானும் ஒன்றும் சொல்வதில்லை. போன ஞாயிறு பஞ்சாங்கத்தை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு லேப்டாப்பைத் திறந்து அந்தக் குப்பை ஃபோல்டரைப் பார்த்தேன். புதிதாக ஒன்று வந்திருந்தது. ஒன்பது நிமிடம். சுறாப்புட்டு என்று தொடங்குகிறது. ஒன்றரை நிமிடத்தில் வாசலில் மீன்காரம்மா குரல் கேட்கிறது, மீதி முழுக்க வஞ்சிரத்துக்குப் பேரம்.