மஞ்சளுக்கு முன்னால் தண்ணீர்க் கிண்ணம்

மழை விட்டு ஒரு வாரம் கழித்து நாய்க்குக் காய்ச்சல், வாந்தி, சோறு இறங்கவில்லை என்றால் எல்லோர் வாயிலும் முதலில் வருவது உண்ணிக்காய்ச்சல்தான். எலிக்காய்ச்சலும் அச்சு அசலாக அப்படித்தான் தொடங்கும். எலி மூத்திரம் கலந்த தேங்கிய நீரை நக்கினாலோ, அதில் ஊறிய காலில் சிராய்ப்பு இருந்தாலோ அதற்குக் காரணமான லெப்டோஸ்பைரா கிருமி உள்ளே போய்விடும்.

பலர் நாயின் கண் மஞ்சளான பிறகே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிறார்கள். அது தாமதம். சில நாய்களுக்கு மஞ்சளே வராமல் சிறுநீரகம் மட்டும் கெடும். முதலில் தண்ணீரை அளந்து வையுங்கள். 10 கிலோ நாய் ஒரு நாளில் அரை லிட்டர், சற்றுக் கூடுதலாகக் குடிக்கும். ஒரு லிட்டரைத் தாண்டினால் சந்தேகம்தான். மாறாக, நாள் முழுக்க ஒரு டம்ளர் மூத்திரம்கூடப் போகவில்லையா? அன்றைக்கே ஆஸ்பத்திரி. முதுகைக் கூனிக்கொண்டு விறைப்பாக நடப்பதும் ஒரு துப்பு. ஈறு கருப்பான நாய்க்கு அங்கே மஞ்சள் தெரியாது; கீழிமையை இழுத்து வெள்ளை விழியைப் பாருங்கள், பகல் வெளிச்சத்தில். குண்டு பல்பின் கீழ் எல்லாமே மஞ்சள்தான்.

வீட்டிலிருக்கும் பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென் எதையும் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே அடிபட்ட ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும் அது இரண்டாவது அடி.

கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனைக்கான ரத்தத்தையும் மூத்திரத்தையும் ஆன்டிபயாடிக் போடுமுன் எடுக்க வேண்டும். உண்ணிக்காய்ச்சல் என்று நினைத்து டாக்ஸிசைக்ளின் தொடங்கிவிட்டால் கிருமி சோதனையில் சிக்காமல் போகலாம். கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் ஆன்டிபாடியை அளக்கும் 'மேட்' சோதனை முதல் வாரத்தில் நெகட்டிவ் என்று வந்தால் நம்பிவிட வேண்டாம். இரண்டு வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். தடுப்பூசியும் அந்த அளவை உயர்த்தும் என்பதால் ஊசி போட்ட தேதியை டாக்டரிடம் சொல்லுங்கள்.

வழக்கமான அளவு, கிலோவுக்கு 5 மில்லிகிராம் டாக்ஸிசைக்ளின், 12 மணி நேரத்துக்கு ஒருமுறை, 14 நாள். வாந்தி நிற்கும்வரை ஊசி மருந்து. மாத்திரையை வறட்டுத் தொண்டையில் போட்டால் உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். பின்னாலேயே இரண்டு கவளம் சோறு கொடுங்கள். நான்காம் நாள் வாலாட்டிச் சாப்பிடுகிறதே என்று நிறுத்தினால், சிறுநீரகத்தில் ஒளிந்த கிருமி மூத்திரத்தில் வெளியேறிக்கொண்டே இருக்கும்.

அந்த மூத்திரம் மனிதருக்கும் ஆபத்து. குழாய் வைத்துப் பீய்ச்சிக் கழுவாதீர்கள், தெறிக்கும். கையுறை போட்டு, காகிதத்தால் ஒற்றி எடுத்து, ஒரு பங்கு ப்ளீச்சுக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து துடையுங்கள். வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தால் நாயின் நோயையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

வெறிநாய்க்கடி ஊசி இதைத் தடுக்காது. தடுப்பூசி அட்டையில் லெப்டோஸ்பைராவைக் குறிக்கும் 'எல்' எழுத்து இருக்கிறதா பாருங்கள். முதலில் 2 முதல் 4 வார இடைவெளியில் இரண்டு ஊசி, பிறகு வருடம் ஒன்று. ஐப்பசி மழைக்கு முன்பே, ஆவணியில் போட்டுவிடுவது நல்லது.