கோடியக்காட்டில் துணைக்கு யார்?

அமாவாசைக்கு எங்கே முழுக்குப் போடுவது என்று டெல்டாக்காரர்களைக் கேட்டால் பாதிப்பேர் பூம்புகார் என்பார்கள், வசதியும் லீவும் உள்ளவர்கள் ராமேஸ்வரம் கிளம்பிவிடுவார்கள். திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே பிறந்த எங்களுக்குக் கோடியக்கரைதான். ஆதி சேது என்று அதற்குப் பெயர். ராமர் இலங்கைக்கு வழி பார்த்து முதலில் வந்து நின்றது இந்தக் கரையில்தான், ராமேஸ்வரமெல்லாம் அதற்குப் பிறகு என்று எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் கொஞ்சம் கர்வத்தோடேயே சொல்வார்கள். தை, ஆடி, மகாளயம் மூன்று அமாவாசைக்கும் கால் வைக்க இடம் இருக்காது.

அம்மா ஐப்பசியில் போய்ச் சேர்ந்தாள். ராத்திரி படுத்தவள் காலையில் எழுந்திருக்கவில்லை. பால் கொண்டுவந்த பக்கத்து வீட்டு அக்காதான் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்திருக்கிறார். கஷ்டப்படாத நல்ல சாவு என்று ஊரே சொன்னது. அதே ஊர்தான் அடுத்த மூச்சில், "துணைக்கு யாருமே இல்லையா?" என்றும் கேட்டது. அப்பாவுக்குப் பிறகு அம்மா அந்த ஓட்டு வீட்டில் தனியாகத்தான் இருந்தாள். அண்ணன் திருச்சியில், நான் கோயம்புத்தூரில். நாங்கள் கூப்பிடாமல் இல்லை, அவளும் வராமல் இல்லை, வந்தால் ஒரு வாரம் இருப்பாள், அப்புறம் "கொல்லையில முருங்கை முத்திப் போயிடும்" என்று பையைக் கட்டிவிடுவாள். துக்கத்துக்கு வந்து உட்கார்ந்திருக்கிற ஒவ்வொருவரிடமும் இதை விளக்கிக்கொண்டிருக்க முடியுமா? காரியம் முடிந்து, பந்தல் பிரித்து, எல்லோரும் பஸ் ஏறிப் போனபிறகும் அந்தக் கேள்வி மட்டும் என்னோடு கோயம்புத்தூருக்கு வந்துவிட்டது.

தை அமாவாசைக்கு அண்ணன், அண்ணி, நான் மூன்று பேரும் விடிவதற்கு முன்பே காரில் கிளம்பினோம். முதல் வருஷத்தில் அமாவாசைத் தர்ப்பணம் கிடையாது என்று ஒரு கட்சி, உண்டு என்று ஒரு கட்சி. எங்கள் வீட்டில் உண்டு. வேதாரண்யம் தாண்டினால் அகஸ்தியம்பள்ளி, அங்கிருந்து சாலையோரம் உப்பளம்தான். மழைத் தண்ணீர் வடிந்து பாத்தி கட்டும் வேலை ஆரம்பமாகியிருந்தது. 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து ஆட்களோடு நடந்துவந்து உப்பு அள்ளியது இந்த இடத்தில்தான், நினைவுத்தூண் இருக்கிறது. அம்மாவுக்கு அகஸ்தியம்பள்ளி என்றால் ரயில். சின்ன வயசில் மீட்டர் கேஜ் ரயிலில் வந்த கதையை நூறு முறை சொல்லியிருப்பாள். ரொம்ப வருஷம் நின்றுகிடந்த அந்த ரயில் 2023இல் அகலப்பாதையில் மறுபடி ஓட ஆரம்பித்தபோது, ஒரு வேலையும் இல்லாமல் சும்மா ஏறிப் போய்விட்டுத் திரும்பினாள். தனியாகத்தான்.

கரையில் தடுப்புக் கட்டை, போலீஸ், உடை மாற்ற ஓலைத் தட்டி, மணலில் வரிசையாகப் புரோகிதர்கள். வேட்டி நனைந்த கூட்டம் வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருந்தது. கடல் ஆழமில்லை, முழுக்குப் போட இடுப்பளவுத் தண்ணீர் வேண்டுமென்றால் நிறைய தூரம் நடக்க வேண்டும். அண்ணன் நடந்துபோனார். மூக்கைப் பிடித்துக்கொண்டு முங்கினார், எழுந்தார், வந்து ஈர வேட்டியோடு தர்ப்பைப் புல்லின் முன்னால் உட்கார்ந்தார். மகளுக்கு இதில் வேலை கிடையாது. உலர்ந்த துணிப் பையைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் என் பங்கு. புரோகிதர் அம்மா பெயர் கேட்டார், அண்ணன் சொன்னார். அப்பாவைப் பெற்ற ஆத்தா பெயர் கேட்டார், அதையும் சொன்னார். அதற்கு முந்தின பாட்டி பெயர்? அண்ணன் என்னைப் பார்க்க நான் அண்ணியைப் பார்க்க, புரோகிதர் இதையெல்லாம் தினமும் பார்ப்பவர் போல, "தெரியலைன்னா காவேரின்னு சொல்லுங்க" என்று சொல்லி எள்ளும் தண்ணீரும் விடச் சொன்னார். கட்டைவிரல் பக்கமாகக் கறுப்பு எள் வழுக்கிக்கொண்டு இறங்கியதில் நாலைந்து மட்டும் அண்ணன் கையிலேயே ஒட்டிக்கொண்டு நின்றன.

பையை அண்ணியிடம் கொடுத்துவிட்டுக் கூட்டத்தை விட்டு விலகி நடந்தேன்.

வங்காள விரிகுடாவை ஒட்டி நேராகத் தெற்கே இறங்கும் நம் கடற்கரை இந்த முனையில் வந்து மேற்கே திரும்புகிறது, அதற்கப்புறம் பாக் நீரிணை. திரும்பும் இடம் என்பதால் காற்றுக்கு ஒரு கட்டுப்பாடும் இல்லை, வாடைக்காற்று முந்தானையைப் பிடுங்கியது, காதில் வேறு எந்தச் சத்தமும் விழவில்லை. ஐப்பசியிலிருந்து நான் சரியாக அழவில்லை. இறப்புச் சான்றிதழ், பேங்க், கேஸ் கனெக்ஷன், சமையலறையில் அம்மா பெயர் பொறித்த பாத்திரங்களை யாருக்கு எது என்று பிரிப்பது, இப்படியே ஓடிவிட்டது. இங்கே யாருக்கும் கேட்காது என்று தெரிந்ததும் வாய்விட்டு அழுதேன். ரொம்ப நேரம். கடலைப் பார்த்தால் துக்கம் கரைந்துவிடும் என்பார்கள், எனக்கு ஒன்றும் கரையவில்லை, பசித்தது. அம்மா போனதிலிருந்து மணி பார்த்துத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், பசி எடுத்துச் சாப்பிடத் தோன்றியது அன்றைக்குத்தான்.

காலடியில் கொசு உள்ளான்கள். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் பழுப்புக் குருவிகள் என்றுதான் முதலில் நினைக்கத் தோன்றும். அலை பின்வாங்கியதும் மொத்தக் கூட்டமும் பின்னாலேயே ஓடி ஈர மணலில் அவசர அவசரமாகக் கொத்தும், அடுத்த அலை எழும்பினால் கால் நனையாமல் கரைக்குத் திரும்பி ஓடிவரும், மறுபடியும் ஓடும். சலிக்கவே சலிக்காதா என்று பார்த்துக்கொண்டு நின்றேன். ஒன்று மட்டும் கூட்டத்தோடு சேராமல் ஒற்றைக் காலைத் தூக்கி வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு, அலகை முதுகுச் சிறகில் செருகி, காற்றுக்கு எதிரே நின்றபடியே தூங்கியது. இறகு ஒவ்வொன்றும் காற்றில் எழும்பி எழும்பி அடங்கியது, கால் அசையவில்லை. அந்தப் பக்கம் வந்த வனத்துறைக் காவலர் ஒருவர், "சைபீரியாவுலேர்ந்து வருதும்மா, முப்பது கிராம்கூட இருக்காது" என்றார். இப்படி வருகிற பறவைகளைப் பிடித்துக் காலில் வளையம் மாட்டிவிட்டு எங்கே போகின்றன என்று பார்க்கும் வேலையைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் இங்கே பல வருஷமாகச் செய்கிறது. 1967இல் சரணாலயம் ஆன இடம். பூநாரை பார்க்க வருகிறவர்கள்தான் அதிகம், நான் இந்தப் பொடியன்களோடேயே நின்றுவிட்டேன். "அது ஒண்ணு ஏன் தனியா நிக்குது, அடிபட்டிருக்கா?" என்று கேட்டதற்கு அவர் சிரித்தார். "அதுக்கு அங்க நிக்கப் பிடிச்சிருக்கு, நிக்குது."

மீன்பிடி சீசன் என்பதால் வெளியூர் மீனவர்கள் கொட்டகை போட்டுத் தங்கியிருந்தார்கள், கருவாட்டு வாசம் தூக்கியது. அமாவாசை விரதத்துக்கு எதிரே இப்படி ஒரு சோதனை. டீயும் பருப்பு வடையும் சாப்பிட்டோம்.

திரும்பும் வழியில் கோடியக்காட்டில் குழகர் கோயில். ஒரு வருஷத்துக்குக் கோயில் வாசலை மிதிக்கக் கூடாது என்று சித்தி கண்டிப்பாகச் சொல்லியிருந்ததால் அண்ணன் தயங்கினார். வாசலில் விளக்கு விற்ற பாட்டியிடம் கேட்டேன். "மலை ஏறக் கூடாதும்பாங்க தாயி, இங்க ஏது மலை?" என்றார். நியாயம்தானே, இந்தப் பக்கத்திலேயே உயரமான இடம் ராமர் பாதம் இருக்கிற மணல் மேடுதான். சித்திக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன் என்று உள்ளே போய்விட்டேன், அண்ணனும் அண்ணியும் வெளியிலேயே நின்றார்கள்.

பெரிய கோபுரம், பிரம்மாண்டப் பிராகாரம் எதையும் எதிர்பார்த்து இங்கே வராதீர்கள். காட்டோரத்தில் ஒரு சின்னக் கோயில். ஸ்வாமி கோடிக்குழகர், அம்மன் மைத்தடங்கண்ணி. அன்றைக்கு ஆதி சேதுவில் அத்தனை ஆயிரம் பேர், இங்கே என்னையும் சேர்த்துப் பத்துப் பேர் இருந்தால் அதிகம். சுந்தரர் வந்தபோது அந்தப் பத்துப் பேரும் இல்லை. திருவாரூரிலிருந்து சேரமான் பெருமாளோடு கிளம்பி, மறைக்காட்டில், அதாவது வேதாரண்யத்தில், தரிசனம் முடித்து, அகத்தியான்பள்ளி வழியாக இங்கே வந்தவர் கோயிலைச் சுற்றி ஒரு குடிகூட இல்லாததைப் பார்த்துக் கண்ணீர் விட்டாராம். ஏழாம் திருமுறையில் அந்தப் பதிகம் இருக்கிறது.

"கடிதாய்க் கடற்காற்று வந்தெற்றக் கரைமேல்
குடிதான் அயலே இருந்தாற் குற்றமாமோ"

என்று ஆரம்பித்து, "அடிகேள் உமக்கார் துணையாக இருந்தீரே" என்று முடிகிறது முதல் பாட்டு. அங்கேயே தூணோரம் உட்கார்ந்து செல்போனில் மொத்தப் பதிகத்தையும் எடுத்து வாசித்தேன். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. பந்தலில் உட்கார்ந்து ஊர் கேட்ட அதே கேள்விதான். கடல் காற்று இப்படி அடிக்கிறது, பக்கத்தில் நாலு வீடு இருந்தால் என்ன குறைந்துவிடும், துணைக்கு யார் இருக்கிறார்கள் உமக்கு? மேலே படிக்கப் படிக்க, தாயைத் தனியே விட்டிருக்கிற பிள்ளைகள் போனில் கேட்பதையெல்லாம் சுந்தரர் ஒன்றுவிடாமல் கேட்டிருக்கிறார். வடக்கே மறைக்காட்டில் எத்தனை பேர் பாடிக்கொண்டிருக்கிறார்கள், அதை விட்டு இங்கே எதற்கு? பொந்தில் ஆந்தையும் கூகையும் கத்துகிறதே, அம்மை பயப்பட மாட்டாளா? சுற்றுவட்டாரத்து ஆட்கள் சரியில்லையே? பிச்சை எடுக்கப் போகலாம் என்றால்கூட ஒரு வீடு இல்லையே, சாப்பாட்டுக்கு என்ன வழி? ராத்திரியைத் துணையாக வைத்துக்கொண்டா இருக்கிறாய்?

ஆனால் அந்தப் பாட்டுகளுக்குள்ளேயே இன்னொன்றும் இருக்கிறது. துணை யார் என்று அழுதவரே, மைத்தடங்கண்ணி பாதி உடம்பில் இருக்கிறாள், கங்கை தலையில் இருக்கிறாள், பக்கத்தில் காட்டுத் தெய்வம் காடுகாள் வேறு இருக்கிறாள் என்று ஆள் கணக்கு எடுக்கிறார். அம்மாவிடமும் இதே கணக்கு உண்டு. தனியாக இருக்கிறாயே என்றால், "தனியா எங்கடி இருக்கேன், பின்னாடி கோழி, முன்னாடி பஸ் ஸ்டாப், பக்கத்துல அவ, மேல உங்கப்பா" என்பாள். கடைசியில் ஒரு பாட்டில் சுந்தரர், "அன்பதாய் இடங்கோயில் கொண்டாயே" என்று சொல்லிவிடுகிறார். பிடித்துப்போய் இருக்கிறாய், சரி, இரு என்பதுபோல எனக்குக் கேட்டது. உரை எழுதிய பெரியவர்கள் இதற்கு வேறு பொருள் சொல்லியிருக்கலாம், அதை அவர்களே வைத்துக்கொள்ளட்டும். அம்மாவுக்கும் அந்த வீடு பிடித்திருந்தது. அங்கே இருந்தாள், அங்கேயே போனாள். ஊர் கேட்டதற்கு இதுதான் பதில், பந்தலில் எனக்கு இது வாயில் வரவில்லை.

வெளியே வந்து அண்ணனிடம் இதைச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் கார் சாவியைச் சுற்றிக்கொண்டே கேட்டார், பிறகு "வீட்ட இப்ப விக்க வேணாம்" என்றார். விற்கிற பேச்சு அவர் மனசில் ஓடிக்கொண்டிருந்தது என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

போகிற வழியில் வெளிமான்கள் சில தெரிந்தன. சோழர் காலத்தது என்று சொல்லப்பட்ட பழைய கலங்கரை விளக்கம் 2004 சுனாமியில் விழுந்துவிட்டது, அந்தச் செங்கல் மிச்சத்தைப் பார்க்க நேரமில்லை. 2018 கஜா புயல் இந்தக் காட்டையும் சுற்றியுள்ள தென்னந்தோப்பு, மாந்தோப்பையும் புரட்டிப் போட்டுவிட்டுப் போனது, இப்போது பசுமை திரும்பியிருக்கிறது.

கோடியக்கரையில் முழுகினால் வேதாரண்யம் சன்னிதிக் கடலிலும் முழுகி, கோயிலுக்குள் மணிகர்ணிகையில் கடைசி முழுக்குப் போட வேண்டும் என்பது முறை. சன்னிதிக் கடலில் சேறு கெண்டைக்கால் வரை உள்வாங்குகிறது, வயசானவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் இரண்டு பக்கமும் ஆள் பிடித்துக்கொள்ளுங்கள். வேதாரண்யேசுவரர் கோயிலைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, அப்பர் பாடித் திறந்து சம்பந்தர் பாடி அடைத்த கதவு, யாழைப் பழித்த மொழியாள் சன்னதி, வீணை இல்லாத சரஸ்வதி எல்லாம் எல்லோருக்கும் தெரியும். அங்கே இருந்த கூட்டத்தால் நாங்கள் வெளியிலிருந்தே கும்பிட்டோம்.

கிளம்பும்போதுதான் அண்ணி, "அத்தைக்குன்னு வாங்கின அகத்திக்கீரை பின் சீட்லயே கிடக்கு" என்றார். அமாவாசைக்கு மாட்டுக்கு அகத்திக்கீரை கொடுக்காமல் வீட்டுக்குப் போகலாமா? மேல வீதி, வடக்கு வீதி எல்லாம் சுற்றினோம். காலையிலிருந்து ஊரே கொடுத்திருக்கிறது, ஒரு மாடு முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது, இன்னொன்று எழுந்திருக்கவே இல்லை. கடைசியில் ஒரு தெருமுனையில் இரண்டு ஆடுகள் காரைப் பார்த்து ஓடிவந்தன. "ஆட்டுக்குக் கொடுத்தா கணக்குல வருமா?" என்று அண்ணன் கேட்டார். நான் கட்டைப் பிரித்துப் போட்டேன். அம்மாவாக இருந்தால் முதல் மாடு திரும்பிக்கொண்டதுமே போட்டிருப்பாள்.