மலேசியா, பட்டர்வொர்த் நாட்குறிப்பு, 2007

மே 30, புதன்

கோப்பி ஆறிப்போனது. பேப்பரை மடிக்க மனமில்லாமல் உட்கார்ந்திருந்தேன். ஈராக் போரில் மகனைப் பறிகொடுத்த அமெரிக்கத் தாய் சிண்டி ஷீஹன் ஒதுங்கிவிட்டாராம். அமெரிக்காவில் போரில் மாண்டவர்களை நினைக்கும் திங்கட்கிழமை அன்று, இனி இந்தப் போர் எதிர்ப்புக்கு நான் முகமில்லை என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போகிறார். மறுநாள் மகன் கேஸிக்குப் பிறந்தநாள். இருந்திருந்தால் 28.

வீட்டுக்காரியிடம் சொன்னேன். மீன் கழுவிக்கொண்டிருந்தவள் திரும்பாமலே, "பாவம், இப்பவாவது அழட்டும்" என்றாள்.

மே 31, வியாழன்

பேத்தி அந்தக் கடிதத்தை இணையத்தில் தேடி எடுத்து அச்சடித்துக் கொண்டுவந்தாள். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு மூன்று தடவை படித்தேன்.

கேஸி செத்தது 2004 ஏப்ரல் 4, பாக்தாத்தின் சதர் சிட்டியில். வயது 24. ராணுவ வண்டி மெக்கானிக். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் இந்தம்மா டெக்ஸஸில் கிராஃபோர்டு என்ற சின்ன ஊருக்குப் போய், அதிபர் புஷ்ஷின் பண்ணைக்குப் போகும் ரோட்டோரப் பள்ளத்தில் உட்கார்ந்துவிட்டார். என் மகன் எதற்காகச் செத்தான், நேரில் வந்து சொல்லுங்கள் என்பதுதான் கேள்வி. புஷ் வரவில்லை. அப்புறம் மகனுடைய காப்புறுதிப் பணத்தில் அங்கேயே 5 ஏக்கர் வாங்கினார். இப்போது அது விற்பனைக்கு.

29 வருடக் கல்யாணம் முறிந்துவிட்டது, மருத்துவச் செலவு ஏறிக் கிடக்கிறது. அதையெல்லாம்கூடத் தாங்கியிருப்பார் போல. புஷ்ஷைத் திட்டியவரை தூக்கி வைத்துக் கொண்டாடியவர்கள், ஜனநாயகக் கட்சியையும் அதே கேள்வி கேட்டதும் அவர்மேலேயே பாய்ந்திருக்கிறார்கள். போரை நிறுத்துவார்கள் என்று நம்பி மக்கள் போன நவம்பரில் அந்தக் கட்சியை அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் ஜெயிக்க வைத்தார்கள். போன வாரம் அதே காங்கிரஸ், படை திரும்பத் தேதி எதுவும் வைக்காமல், போருக்குப் பணம் ஒதுக்கிக் கொடுத்தது. இதுவரை செத்த அமெரிக்க சிப்பாய்களே 3,400-க்கு மேல். ஈராக்கியரைச் சரியாக எண்ணுவார் யாருமில்லை.

ஓர் இடத்தில் அகராதியை மூடி வைத்துவிட்டேன். தன் பிள்ளை ஒன்றுமில்லாததற்காகத்தான் செத்தான் என்று எழுதியிருக்கிறார்.

ஜூன் 2, சனி

மாமன்னர் பிறந்தநாள் விடுமுறை. மதியம் பினாங்குத் தீவிலிருந்து போன். 17ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை போர் எதிர்ப்புக் கூட்டமாம். "ஐயா, தம்பி போட்டோவையும் மறக்காம கொண்டாங்க."

போட்டோவைப் பீரோவிலிருந்து எடுத்தேன். நானும் வீட்டுக்காரியும் மகனும் நிற்கும் படம். அவன் சீருடையில், தோளில் அம்மாவின் கை. பேனருக்கு எடுக்கும்போது அவனை மட்டும் வெட்டிப் பெரிசாக்கிக்கொள்வார்கள். மூலப்படத்தையும் வாசலில் பலகையில் குத்தி வைப்பார்கள். மூலைக்கு ஒரு துளைதானே இருக்க வேண்டும்? வீட்டுக்காரி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து எண்ணினாள். பதினொன்று. ஒன்று அவள் புடவைத் தலைப்பிலேயே. ஒன்றும் சொல்லவில்லை. எண்ணிவிட்டுக் கீழே வைத்தாள்.

இதை எங்கேயாவது எழுதித்தான் ஆக வேண்டும், இங்கேயே எழுதுகிறேன். என் மகன் போரில் சாகவில்லை. 1998இல், வடக்கே மலைச்சாலையில், அடைமழையில் லாரி கவிழ்ந்தது. அவன்தான் ஓட்டினான். அவனுக்கும் 24.

2003 மார்ச்சில் ஈராக்கில் குண்டு விழ ஆரம்பித்த நேரம், தீவில் ஒரு கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். அறிவிப்பாளர் "போரில் மகனைப் பலிகொடுத்த தந்தை" என்றார். நான் மைக்கை வாங்கி, போரில் இல்லைங்க, லாரி விபத்து என்று திருத்தினேன். சபை சப்பென்று ஆகிவிட்டது. இறங்கியதும் அமைப்பாளர் தோளில் கை போட்டு, "அதெல்லாம் விளக்க வேணாம் ஐயா, உணர்ச்சி போயிடுது" என்றார். அடுத்த கூட்டத்தில் நான் திருத்தவில்லை. மூன்றாவதில், "என் பிள்ளையைக் கொண்டுபோன போர்" என்று என் வாயாலேயே சொன்னேன். நல்ல கைதட்டல்.

இந்தப் பிப்ரவரியில் கோலாலம்பூரில் முன்னாள் பிரதமர் டாக்டர் மகாதீர் கூட்டிய போர்க்குற்ற மாநாட்டுக்குப் பஸ் ஏறிப் போனேன். ஈராக்கில் அமெரிக்கப் படையின் அபு கிரைப் சிறையில் கிடந்த ஒருவர் பேசினார். கேட்கக் கேட்க என் காது சூடானது. பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன், யாருக்கும் என்னைத் தெரியாது. அதுவரைக்கும் தப்பித்தேன்.

வேடிக்கை என்னவென்றால், போர் என் வீட்டில் ஆளை எடுத்தது உண்மைதான். என் அப்பாவை. 1943இல் கெடாவில் ஒரு கித்தா (ரப்பர்) தோட்டத்திலிருந்து ஜப்பான்காரன் சயாமுக்கு (இப்போதைய தாய்லாந்துக்கு) ரயில்பாதை போடக் கூட்டிப்போனான். அந்த 415 கிலோமீட்டரில் எங்கே விழுந்தார் என்று தெரியாது. எனக்கு அப்போது மூன்று வயது. நாள் தெரியாததால் அம்மா ஆடி அமாவாசைக்குத்தான் படையல் போடுவார்.

ஜூன் 3, ஞாயிறு

ஃபெரியில் தீவுக்குப் போனேன். அமைப்பாளர் கடையில் தே தாரே டீ வாங்கிக் கொடுத்தார். இனி மேடைக்கு வரமாட்டேன் என்றேன். உடம்பு சரியில்லையா என்று கேட்டார். விபத்துக் கதையைச் சொன்னேன். அவருக்கு அது ஞாபகம் இருக்கிறது! "அதனால என்ன ஐயா, ராணுவம்தானே" என்றார்.

வேண்டுமானால் சயாம் மரண ரயிலைப் பற்றிப் பேசுகிறேன், அது என் சொந்தக் கதை, தோட்டத் தமிழர் எத்தனை ஆயிரம் பேர் அங்கே போனார்கள் என்று ஆரம்பித்தேன். "அது பழசு ஐயா. இளைஞருங்க உட்கார மாட்டாங்க."

கெட்ட மனிதர் இல்லை. ரொட்டிக்கும் அவர்தான் காசு கொடுத்தார், ஜெட்டிவரை மோட்டாரில் கொண்டுவந்து விட்டார். ஃபெரிக்குத் தீவுக்குப் போகும்போது மட்டும்தான் காசு, திரும்பி வர இல்லை. கவுண்டரைப் பார்க்காமல் ஏறி மேல்தட்டில் நின்றுகொண்டேன்.

ஜூன் 17, ஞாயிறு

கூட்டம் நடந்திருக்கும். நான் முருங்கை மரத்தைக் கழித்தேன். வீட்டுக்காரி கீரை ஆய்ந்தாள்.

ஜூலை 31, செவ்வாய்

வீரர் தினம். டிவியில் அணிவகுப்பு. அவள் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டு வெளியே போக நினைத்தேன். "உட்காருங்க" என்றாள். உட்கார்ந்தேன். ஒன்பது வருடத்தில் இருவரும் சேர்ந்து பார்த்தது இதுதான் முதல் தடவை. அவன் நடை ஒரு பக்கம் சாயுமே, எப்படி இவர்கள் வரிசையில் நிறுத்தினார்கள் என்று கேட்டாள். எனக்கு அது நினைவே இல்லை. மேடையில் ஒரு தடவைகூட நான் அதைச் சொன்னதில்லை.

ஆகஸ்ட் 11, சனி

ஷீஹன் திரும்பி வந்துவிட்டார்! சான் பிரான்சிஸ்கோவில் ஜனநாயகக் கட்சித் தலைவி நான்சி பெலோசியை எதிர்த்து, கட்சி எதிலும் சேராமல் அடுத்த ஆண்டு தேர்தலில் நிற்கப் போகிறாராம். மூன்று மாதம்கூட ஆகவில்லை. முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் யோசித்தேன்: அவர் விட்டுப் போனது போர் எதிர்ப்பையா, 'சிப்பாயின் தாய்' என்று போட்டுக்கொடுத்த நாற்காலியையா?

"அந்தம்மா திரும்பிட்டாங்க. நீங்க?" என்று பேத்தி கேட்டாள். அந்தம்மா சொன்னதெல்லாம் நிஜம், ஆத்தா, என்றேன். அவளுக்குப் புரியவில்லை. ஒருநாள் சொல்ல வேண்டும்.

சாயங்காலம் போட்டோவைச் சட்டம் போடக் கொடுத்தோம். கடைக்காரர் அளவெடுத்துவிட்டு, நான்கு பக்கமும் அரை அங்குலம் வெட்டினால் துளைகள் போய்விடும், அந்தத் தலைப்புத் துளையை மட்டும் ஒட்டிச் சரிபண்ணலாம் என்றார். வெட்டினால் அவன் பூட்ஸ் நுனியும் போய்விடும் என்றாள் வீட்டுக்காரி. அப்படியே போடச் சொன்னோம். பத்து வெள்ளி முன்பணம். செவ்வாய்க்கிழமை வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னார்.