நாகப்பட்டினத்துப் புத்தரைப் பார்க்க 32 டாலர்

முதலில் கிழமையைப் பாருங்கள். அந்தப் புத்தர் இருக்கும் கலை அருங்காட்சியகமான சிகாகோ ஆர்ட் இன்ஸ்டிடியூட் செவ்வாயும் புதனும் திறக்காது. வாரம் முழுக்கத் திறந்திருக்கும் என்று நம்பி, ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவைச் செவ்வாய்க்கிழமை கூட்டிவந்தால், வாசலில் நிற்கும் இரண்டு வெண்கலச் சிங்கங்களோடு போட்டோ எடுத்துக்கொண்டு திரும்ப வேண்டியதுதான். சிங்கங்கள் 1894-லிருந்து அங்கேதான் நிற்கின்றன, அவற்றுக்கு டிக்கெட் கிடையாது.

உள்ளே போகப் பெரியவர்களுக்கு 32 டாலர். ரூபாயில் இரண்டாயிரத்து எழுநூறைத் தாண்டுகிறது. நான்கு பேர் குடும்பம் என்றால் அன்றைய பட்ஜெட் வாசலிலேயே காலி. 14 வயதுக்குக் கீழே இலவசம் என்பது ஒரு சமாதானம். சிகாகோவாசிகளுக்கும் இல்லினாய் மாநிலத்தவருக்கும் தனிக் குறைந்த விலை உண்டு, குளிர்காலத்தில் அவர்களுக்கு இலவச நாட்களும் வரும். மகன் சிகாகோ புறநகரான நேப்பர்வில்லில் இருக்கிறான் என்பதற்காக ஊரிலிருந்து வந்த அப்பாவுக்கு அந்தச் சலுகை கிடைக்காது. அவருக்கு முழு டிக்கெட்தான். ஆக, கொடுக்கிற காசுக்கு முழு நாளையும் வாங்கிவிட வேண்டும். அதற்கு வியாழன்தான் சரி, அன்று மட்டும் இரவு 8 வரை. மற்ற நாட்களில் 11 மணிக்குத் திறந்து 5 மணிக்கு அடைத்துவிடுகிறார்கள். 10-லிருந்து 11 வரை உறுப்பினர்களுக்கு மட்டும் என்பதால், பத்து மணிக்கே போய் வெயிலில் காத்திருப்பதில் பிரயோஜனம் இல்லை.

காரில் போகாதீர்கள். லூப் என்று அழைக்கப்படும் அந்த நடுநகரத்தில் பார்க்கிங் கட்டணம் அருங்காட்சியக டிக்கெட்டோடு போட்டி போடும். ஆப்பில் முன்பதிவு செய்தால் ஒரு விலை, நேரே ஓட்டிப்போய் மெஷினில் சீட்டு எடுத்தால் வேறு விலை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் மதியச் சாப்பாடே முடிந்துவிடும். ஆப் டாக்சியிலும் நடுநகரத்துக்குள் போய்வர மாநகராட்சியின் தனிக் கூடுதல் வரி சேரும், பில் வந்த பிறகுதான் கண்ணில் படும். ஓஹேர் விமான நிலையத்திலிருந்து நீல ரயிலில் 45 நிமிடம். அந்த நிலையத்தில் ஏறுவதற்கு மட்டும் 5 டாலர், திரும்பிப் போகும்போது சாதாரணக் கட்டணம்தான். மன்ரோவில் இறங்கிக் கிழக்கே நடந்தால் மிச்சிகன் அவென்யூ வந்துவிடும். புறநகரிலிருந்து மெட்ரா ரயிலில் யூனியன் ஸ்டேஷன் வருபவர்கள் ஆடம்ஸ் தெருவைப் பிடித்து நேர்கிழக்கே ஒன்றரை கிலோமீட்டர் போக வேண்டும். எங்கும் திரும்ப வேண்டாம், தெரு முடியும் இடத்தில் சிங்கங்கள் நிற்கும்.

ரயிலில் ஒரு பொறி இருக்கிறது. "சிகாகோ" என்ற பெயரிலேயே மூன்று நிலையங்கள்! சிவப்புத் தடத்தில் ஒன்று, பழுப்பில் ஒன்று, நீலத்தில் ஒன்று. மூன்றும் சிகாகோ அவென்யூ என்ற ஒரே நீளத் தெருவில், ஆனால் வெவ்வேறு இடங்களில். தற்காலக் கலை அருங்காட்சியகமான எம்.சி.ஏ.வுக்குச் சிவப்புத் தடத்துச் சிகாகோ. ரிவர் நார்த் கேலரிகளுக்குப் பழுப்புத் தடத்துச் சிகாகோ. நீலத்துச் சிகாகோவில் இறங்கினால் இரண்டுக்கும் தூரம். மேப்பில் பெயரை மட்டும் பார்க்காமல் நிறத்தையும் பாருங்கள்.

இனி உள்ளே. நம் ஊர்க் கணக்கில் தரைத்தளம் என்பது அங்கே முதல் தளம். காட்சிக்கூடத்தின் எண்ணில் முதல் இலக்கம்தான் தளம். 201 என்றால் ஒரு மாடி ஏறினால் போதும், 391 என்றால் இரண்டு மாடி. இது தெரியாமல்தான் பலரும் லிஃப்டில் மேலும் கீழும் போய்வருகிறார்கள். இதைவிடப் பெரிய குழப்பம் ரயில் பாதை. கட்டடம் 1893 உலகக் கண்காட்சியை ஒட்டி எழுந்தது. பிறகு கிழக்கே விரிந்தபோது குறுக்கே தண்டவாளம் இருந்ததால், 1916-ல் அதற்கு மேலேயே பாலம் மாதிரி ஒரு நீளக் கூடம் கட்டிக் கடந்துவிட்டார்கள். இன்றும் கீழே ரயில் ஓடுகிறது. மிச்சிகன் அவென்யூ பக்கத்து ஓவியங்களை முடித்துவிட்டு அமெரிக்க ஓவியங்களுக்கோ நவீனப் பிரிவுக்கோ போகும்போது முதல் தளத்துக்கு இறங்கி இந்தக் கூடத்தைக் கடப்பதுதான் சுலபம். பெரும்பாலோர் போனைப் பார்த்துக்கொண்டு விறுவிறுவென்று இதைத் தாண்டிவிடுகிறார்கள். வயிற்றெரிச்சல் இங்கேதான். இந்தக் கூடத்தில்தான் இந்தியச் சிற்பங்கள் இருக்கின்றன.

ஆல்ஸ்டார்ஃப் கூடம் என்று பெயர். 2008-ல் கட்டடக் கலைஞர் ரென்சோ பியானோ புதுப்பித்தது. நாகப்பட்டினத்தில் செய்த 12-ஆம் நூற்றாண்டுக் கருங்கல் புத்தர் இந்தப் பிரிவில்தான் அமர்ந்திருக்கிறார். உயரம் 160 சென்டிமீட்டர், உட்கார்ந்த நிலையிலேயே ஓர் ஆள் உயரம். மடியில் ஒரு கைமேல் ஒரு கை, தியானம். பக்கவாட்டில் போய் நின்று பாருங்கள், தோளின் அகலம் அங்கிருந்துதான் தெரியும். தலைமுடிச் சுருள்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கருங்கல்லில் எழுந்து நிற்கின்றன. மணற்கல்லிலோ சலவைக்கல்லிலோ இழைத்துவிடுவது போலக் கருங்கல்லில் முடியாது. உளி பட்டால் கல் பொறிப்பொறியாய்த் தெறிக்கும், அதனால் சிற்பி நுணுக்கத்தைக் குறைத்து உருவத்தின் பருமனில் வேலையைக் காட்டுகிறார். நம் ஊர்க் கோயில் சுவரில் நூறு முறை கடந்துபோன அதே கல்தான், இங்கே தனியாக வெளிச்சத்தில் வைத்ததும் ஆளை நிறுத்திவிடுகிறது.

பின்கதை தெரிந்தால் பார்வை மாறும். ராஜராஜ சோழன் காலத்தில், ஸ்ரீவிஜய அரசன் கட்டிய சூடாமணி விகாரம் நாகப்பட்டினத்தில் இருந்தது. அதற்காக ஆனைமங்கலம் கிராமம் தானமாகப் போனது. 1856-லிருந்து அங்கே மண்ணைத் தோண்டத் தோண்ட முந்நூற்றைம்பது போல வெண்கலப் புத்தர்கள் கிடைத்தன, அவற்றில் பலவற்றைச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். கையளவு வெண்கலங்களை எழும்பூரில் பார்த்துவிட்டு இந்தப் பெரிய கல்லைச் சிகாகோவில் பார்ப்பவருக்குத்தான் இரண்டும் சேர்ந்து ஓர் ஊராகத் தெரியும். பக்கத்தில் சோழர் கால நடராஜரும் இருக்கிறார். திருவாலங்காட்டு நடராஜரோடு ஒப்பிடாமல் இருக்க நம்மவர்களால் முடியாது. ஒப்பிடுங்கள், தப்பில்லை.

இது எப்படி இங்கே வந்தது என்ற கேள்வி வராமல் போகாது. அருங்காட்சியக வலைத்தளத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் கைமாறிய வரலாறு என்ற பகுதி உண்டு, போனிலேயே திறந்து படிக்கலாம். சிலவற்றுக்கு நீளமாக இருக்கும், சிலவற்றுக்கு இரண்டு வரியோடு நிற்கும். அந்த இரண்டு வரிதான் உறுத்தும். 2025-ல் இதே நிறுவனம் 12-ஆம் நூற்றாண்டுப் புத்தர் சிலை ஒன்றை நேபாளத்துக்குத் திருப்பிக் கொடுத்தது. அதே வலைத்தளத்தில் "காட்சியில் உள்ளது" என்று வடிகட்டிப் பார்க்கும் வசதியும் இருக்கிறது. ஒரு குறிப்பிட்ட ஓவியத்துக்காகவே போகிறீர்கள் என்றால் முந்தின நாள் அதைப் பாருங்கள், கடனாக வேறு ஊருக்குப் போயிருக்கலாம்.

மேலே இரண்டாம் தளத்தில் பிரெஞ்சு ஓவியர் சுரா வரைந்த கிராண்ட் ஜாட் தீவு ஞாயிற்றுக்கிழமை. இரண்டு மீட்டர் உயரம், மூன்று மீட்டர் அகலம், 1884-லிருந்து 86 வரை உழைத்தது. எல்லோரும் நடுவில் நின்று செல்ஃபி எடுப்பார்கள். நீங்கள் ஓரத்துக்குப் போங்கள். படத்தைச் சுற்றி விளிம்பில் புள்ளிகளாலேயே ஒரு கரை ஓடுகிறது. அது பிறகு சேர்த்தது. பக்கத்தில் படத்தின் நிறம் மாறும் இடத்திலெல்லாம் கரைப் புள்ளியும் எதிர்நிறத்துக்கு மாறும். அடுத்துப் புல்வெளி. வெயில் படும் பச்சையில் பழுப்புப் புள்ளிகள் சிதறிக் கிடக்கும். அவர் வைத்தது பழுப்பு அல்ல, துத்தநாக மஞ்சள். அந்த நிறமி நிலைக்கவில்லை, சில வருடங்களிலேயே கருத்துவிட்டது. இன்று நாம் பார்ப்பது அவர் நினைத்ததைவிட மங்கலான ஞாயிறு. கைநீட்டும் தூரத்தில் ஒரு நிமிடம், பின்வாங்கிப் பத்தடியில் ஒரு நிமிடம், கூடத்தின் கோடியில் ஒரு நிமிடம். மூன்றும் மூன்று படம். ரொம்பக் கிட்டே குனிந்தால் காவலர் "ஸ்டெப் பேக்" என்பார். கோபித்துக்கொள்ள வேண்டாம், அவர் அதை நாளெல்லாம் சொல்கிறார்.

அமெரிக்கன் காத்திக், நைட்ஹாக்ஸ் என்ற இரண்டு பிரபல ஓவியங்களும் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், அமெரிக்கப் பிரிவில். முதலாவது எதிர்பார்ப்பைவிடச் சின்னது, உயரம் 78 சென்டிமீட்டர்தான். 1930-ல் ஒரு போட்டியில் 300 டாலர் பரிசு வாங்கி இங்கேயே தங்கிவிட்டது. கூட்டம் மொய்க்கும், இரண்டு நிமிடம் போதும். நைட்ஹாக்ஸில் கொஞ்சம் நில்லுங்கள். படத்தில் இருக்கும் இரவுச் சாப்பாட்டுக் கடைக்குத் தெருவிலிருந்து உள்ளே போக வாசலைத் தேடிப் பாருங்கள், கிடைக்காது. நவீனப் பிரிவில் பிக்காசோவின் வயதான கிட்டார்க்காரரிடம் போனால், அவர் கழுத்துக்குப் பின்னால் நீல வண்ணத்துக்கு அடியில் ஒரு பெண்முகம் மெல்லத் தெரியும். ஏற்கெனவே வரைந்த பலகையிலேயே மேலே வரைந்திருக்கிறார், கையில் காசில்லாத காலம். எக்ஸ்ரே வேண்டாம், கொஞ்சம் சாய்ந்து நின்றால் வெறுங்கண்ணுக்கே தெரியும்.

குழந்தைகள் சிணுங்க ஆரம்பித்தால் கீழ்த்தளத்துக்குப் போங்கள். தோர்ன் மினியேச்சர் அறைகள் 68. ஒரு அடிக்கு ஓர் அங்குலம் என்ற அளவில் சரவிளக்கு, கம்பளம், நாற்காலி எல்லாம். பெரியவர்களும் அங்கிருந்து கிளம்ப மாட்டார்கள்.

சாப்பாடு. உள்ளே இருக்கும் காபிக்கடையில் விலை கேட்டாலே பசி போய்விடும். டிக்கெட்டைத் தூக்கிப் போடாமல் வெளியே வந்து, பக்கத்து மில்லேனியம் பூங்காவில் கட்டிக்கொண்டு வந்த புளிசாதத்தைப் பிரித்துவிட்டு அதே நாளில் மறுபடி உள்ளே போகலாம். கேலரிக்குள் பிரிக்கக் கூடாது. பூங்காவிலிருந்து நவீனப் பிரிவின் மூன்றாம் தளத்துக்கு நேராக ஏறும் நடைபாலத்துக்குக் காசு கிடையாது. டிக்கெட் எடுக்காதவர்களும் மேலே போய் நின்று ஊரைப் பார்க்கலாம்.

விவேகானந்தரைத் தேடி வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. 1893 செப்டம்பர் 11 அன்று அவர் பேசியது இந்தக் கட்டடத்தில்தான், ஆனால் அந்த மண்டபம் தற்காலிகமாகப் போட்டது, இப்போது இல்லை. அந்த இடத்தின் ஒரு பகுதியில்தான் பிறகு ஃபுல்லர்டன் ஹால் வந்தது. சென்னையில் சீடர் அளசிங்கப் பெருமாள் அவர் பயணத்துக்காக வீடுவீடாகத் திரட்டிய காசு வந்து சேர்ந்த இடம் இது. வெளியே தெருவில் விவேகானந்தர் பெயர்ப்பலகை உண்டு, அண்ணாந்து பார்த்தால்தான் கண்ணில் படும்.

காசே செலவழிக்காத ஒரு நாள் வேண்டுமென்றால் அதுவும் இதே ஊரில் முடியும். வாஷிங்டன் தெருவில் கல்ச்சுரல் சென்டர், 1897-ல் நகர நூலகமாகக் கட்டியது, அனுமதி இலவசம். மூன்றாம் தளத்தில் 38 அடி விட்டத்துக்கு டிஃபனி கண்ணாடிக் குவிமாடம். மறுகோடியில், ராண்டால்ஃப் தெருப் பக்கம், இன்னொரு குவிமாடம் இருப்பது பலருக்குத் தெரியாது. டிஃபனியைப் பார்த்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். சில நாட்களில் கல்யாணம், விழா என்று டிஃபனி கூடத்தை அடைத்துவிடுவார்கள், காலையிலேயே போய்விடுவது நல்லது. அங்கிருந்து மேற்கே போய் டியர்பார்ன் தெருவைப் பிடித்துத் தெற்கே நடங்கள். டேலி பிளாசாவில் பிக்காசோவின் 50 அடி எஃகு உருவம், 1967. சம்பளம் வேண்டாமென்று ஊருக்கே கொடுத்துவிட்டார். பறவையா பெண்ணா நாயா என்று ஊர் இன்னும் சண்டை போடுகிறது. தெருவைத் தாண்டினால் மீரோவின் சிலை. மன்ரோ தாண்டும் முன் ஷகாலின் நான்கு பருவங்கள், 70 அடி நீள மொசைக். ஆடம்ஸ் அருகே கால்டரின் சிவப்பு ஃபிளமிங்கோ சிலை, அதன் கால்களுக்கு நடுவில் நடந்து போகலாம். மொத்தமும் ஒரு மணி நேரம்.

எம்.சி.ஏ. செவ்வாய் இரவு 9 வரை, திங்கள் விடுமுறை. ஆர்ட் இன்ஸ்டிடியூட் மூடியிருக்கும் நாளை இதற்கு ஒதுக்கினால் கணக்குச் சரியாகிவிடும். உள்ளே எல்லாம் பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன், படிக்கட்டு பிடிக்கும். ரிவர் நார்த் தனியார் கேலரிகள் பெரும்பாலும் ஞாயிறு, திங்கள் திறப்பதில்லை. கதவு பூட்டியிருந்தால் மணியை அடியுங்கள், திறப்பார்கள். வாங்க வந்தவர் மாதிரி நடிக்க வேண்டாம். மேசையில் விலைப்பட்டியல் இருக்கும், கேட்டால் தருவார்கள். ஒரு படத்தின் விலையைப் படித்ததும் 32 டாலர் மலிவாகத் தெரியும்.

பை விஷயம் கடைசியில் வந்துவிட்டது. ஆர்ட் இன்ஸ்டிடியூட்டில் 13க்கு 17க்கு 4 அங்குலத்தைவிடப் பெரிய பையைக் கொடுத்துவிட வேண்டும். முதுகுப்பை என்றால் பெரும்பாலும் தாண்டிவிடும். பை வாங்கும் இடம் மிச்சிகன் வாசலிலும் உண்டு, நவீனப் பிரிவு வாசலிலும் உண்டு. எங்கே கொடுத்தீர்களோ அங்கேதான் வாங்க வேண்டும். மிச்சிகனில் கொடுத்துவிட்டு, மூடும் நேரத்துக்கு நவீனப் பிரிவின் மூன்றாம் தளத்தில் நின்றால், இரண்டு மாடி இறங்கி, தண்டவாளத்தைக் கடந்து, மொத்தக் கட்டடத்தையும் அளக்க வேண்டும். வழியில் காவலர்கள் கூடம் கூடமாக அடைத்துக்கொண்டு வருவார்கள். கால் மணி நேரம் முன்னாடியே கிளம்பினால், புத்தர் முன்னால் இன்னொரு முறை நிற்கவும் நேரம் கிடைக்கும்.