வெட்டாமல் வைத்திருக்க வேண்டிய கேக்

பிறருக்குக் கொடுப்பதற்காகக் கேக் செய்வதென்றால் பஞ்சு போன்ற வகைகளின் பக்கம் நான் போவதே இல்லை; அவை மறுநாளே வறண்டுவிடும். உலர்பழங்களும் மசாலாப் பொருள்களும் சேர்ந்த கனமான கேக்கோ நாள் செல்லச் செல்ல மணமும் சுவையும் கூடி, வெட்டினால் உதிராமலும் பொட்டலம் கட்டினால் நசுங்காமலும் இருக்கும். ஆகவே கொடுக்கும் நாளுக்குப் பத்து நாள் முன்னதாகவே அதைச் சுட்டு வைத்துவிடுகிறேன்.

எட்டு அங்குல டின் ஒன்றுக்கு 600 கிராம் பழம் எடுத்துக்கொள்கிறேன்: கறுப்புத் திராட்சை, பொன்னிறத் திராட்சை, பேரீச்சை, அத்தி, சர்க்கரைப் பாகில் ஊறிய ஆரஞ்சுத் தோல். ஊறாத பழம் மாவிலுள்ள ஈரத்தைக் குடித்துக் கேக்கை வறட்டிவிடும் என்பதால் ஊறவைப்பதைத் தவிர்க்க முடியாது. ரம்மில் போட்டால் வாரக்கணக்கில் ஊறலாம். ஆரஞ்சுச் சாற்றில் என்றால் குளிர்சாதனப் பெட்டியில் ஓர் இரவு போதும். வேகும்போது மது முழுவதும் ஆவியாகிவிடும் என்று பலர் சமாதானம் சொல்வதுண்டு. அது உண்மையன்று; ஒரு பகுதி தங்கவே செய்யும். குழந்தைகளும் மதுவைத் தொடாதவர்களும் உண்ணப்போகும் கேக் என்பதால் நான் எப்போதும் இரண்டாகச் செய்கிறேன்.

கேக்கின் நிறம் கருக்கிய சர்க்கரையிலிருந்து வருகிறது. அடிகனமான பாத்திரத்தில் 100 கிராம் சர்க்கரையைத் தண்ணீரின்றி உருக்கினால், முதலில் ஓரங்கள் இளகி, பின்பு முழுவதும் தேன் நிறமாகி, அதற்கப்பால் சில நொடிகளில் செம்பழுப்பாகி மெல்லிய புகை எழும்பும். அந்தக் கணத்தில் அடுப்பை அணைத்து, முகத்தை விலக்கிக்கொண்டு, 60 மில்லி வெந்நீரைச் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். பாகு சீறித் தெறிக்கும். முதன்முறை நான் பயந்துபோய்த் தேன் நிறத்திலேயே இறக்கிவிட்டேன். கேக் வெளிறிப்போய், வெறும் இனிப்பாக மட்டும் இருந்தது. பழத்தின் இனிப்புக்கு அந்த இலேசான கசப்பு துணை நிற்க வேண்டும் என்பது அன்றுதான் விளங்கியது.

பட்டை, ஜாதிக்காய், சுக்கு, கிராம்பு ஆகியவற்றை அன்றன்றே பொடிக்கிறேன். கிராம்பு ஐந்துக்கு மேல் வேண்டாம். அளவு மீறினால் கேக்கைக் கடிக்கும்போது பல் மருத்துவரின் அறைதான் நினைவுக்கு வரும்.

மற்றவை எளிய வேலை. 250 கிராம் வெண்ணெயையும் 200 கிராம் பழுப்புச் சர்க்கரையையும் நுரைக்க அடித்து, ஐந்து முட்டைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து, 300 கிராம் மைதாவுடன் சிறிது பேக்கிங் பவுடர், மசாலாப் பொடி, ஆறிய பாகு, வடிகட்டிய பழம், நறுக்கிய பாதாம் எல்லாவற்றையும் கலந்துவிடலாம். முட்டை சேர்க்கையில் கலவை திரிந்தால் ஒரு கரண்டி மாவு சரிசெய்துவிடும். பழம் அடியில் தங்காமலிருக்க அதன்மேல் மாவு தூவச் சொல்வார்கள். கலவை கெட்டியாக இருப்பதே அதைவிட முக்கியம் என்பது என் அனுபவம். டின்னின் உட்புறம் பட்டர் பேப்பரை இரண்டடுக்காக விரித்து, 150 டிகிரி செல்சியஸில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேலாக வேகவைக்க வேண்டும். குத்திப் பார்க்கும் குச்சியில் ஒட்டியிருப்பது பழச்சாறா பச்சை மாவா என்று குழம்பாமலிருக்க, இரண்டு இடங்களில் குத்திப் பார்ப்பது நல்லது.

டின்னிலேயே முழுதாக ஆறவிட்டு, காற்றுப் புகாமல் சுற்றி, பத்தாம் நாள் விரற்கனத் துண்டுகளாக வெட்டுகிறேன். கோதுமை, முட்டை, பால், பாதாம் ஆகியவை இருப்பதை ஒவ்வொரு பொட்டலத்திலும் எழுதி, ரம் சேர்ந்ததற்குச் சிவப்பு நூலும் சாற்றில் ஊறியதற்கு வெள்ளை நூலும் கட்டுகிறேன். சற்றே முறுகி, பாகு இறுகிப்போன ஓரத்துண்டுகள் மட்டும் பொட்டலத்துக்குள் போவதில்லை. வடிவம் சரியில்லை என்று காரணம் சொல்லி, அவற்றை நின்றபடியே தின்று தீர்த்துவிடுகிறேன்.